கை நழுவிய சர்க்கரை மூட்டை

போன வருடம் மழை பிடித்துக்கொண்ட ஜூன் மாதம். அந்தமானில், அபர்டீன் பஜாரில் இருக்கும் எங்கள் மளிகைக் கடை வாசலில், காலை பத்து மணிக்கு, பஜாரே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. எங்கள் வாயில் மட்டும் இன்னும் போர்ட் பிளேர்தான். வாய் அவ்வளவு சீக்கிரம் பழக்கத்தை விடாது. என் வாயைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து என் அத்தா போட்ட கடை இது. அவருக்குப் பிறகு இருபத்தைந்து வருடங்களாக நான் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். சும்மா உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை. கைக்கெட்டும் தூரத்தில் மிக்சர், முந்திரி, பேரீச்சம்பழம். ஐம்பதாவது வயதில் தொண்ணூற்றெட்டு கிலோ, கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால் வலி. குறட்டையைப் பற்றி என் மனைவியைத்தான் கேட்க வேண்டும். "ஹேவ்லாக் கப்பல் கெளம்பிருச்சு, கொஞ்சம் திரும்பிப் படுங்க" என்று எழுப்புவாள்.

எனக்கு வழக்கமாக வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா மதுரைக்காரர். பரிசோதனை முடிவுகளையெல்லாம் பார்த்துவிட்டு, வாரம் ஒரு முறை வயிற்றில் போட்டுக்கொள்ளும் ஊசியை எழுதிக் கொடுத்தார். பசியைக் குறைக்கும், சர்க்கரையும் எடையும் இறங்கும் என்றார். அதோடு இன்னும் இரண்டு விஷயங்கள் சொன்னார். சாப்பிட உட்கார்ந்தால் முதலில் மீன், முட்டை, பருப்பு என்று சத்துள்ளதைச் சாப்பிட்டுவிட வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது பளு தூக்குவது, உட்கார்ந்து எழுவது மாதிரி தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். "இல்லைன்னா கொழுப்போட சேர்ந்து சதையும் கரைஞ்சுரும்" என்று சொல்லி, எல்லாவற்றையும் அச்சடித்த ஒரு தாளையும் கையில் கொடுத்தார். கடைக்கு வந்ததும் ஒரு பெண்மணி ஏலக்காய் கேட்டார். மடித்துக் கொடுக்கக் கைக்குக் கிடைத்தது அந்தத் தாள்தான். என் வைத்தியத்தில் மூன்றில் இரண்டு பங்கு அன்றைக்கே ஐம்பது கிராம் ஏலக்காயோடு போய்விட்டது.

ஊசி தன் வேலையைச் சரியாகவே செய்தது. மூன்றாவது வாரத்தில் பசி என்ற ஒன்று இருந்ததே மறந்துவிட்டது. கல்யாண வீட்டு பிரியாணியில் நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மீன் ஆணம், அதாவது குழம்பு, கொதிக்கும் வாடை வந்தாலே குமட்டியது. டீயும் ரஸ்க்கும், ராத்திரிக்குக் கொஞ்சம் கஞ்சியும் என்று நாள் ஓடியது. மனைவி தட்டைப் பார்த்துத் திட்டினால், "பசிக்கலைன்னா நான் என்ன செய்ய?" என்று நியாயம் பேசுவேன். எடைதான் இறங்குகிறதே, பிறகு என்ன?

எடையைப் பார்க்க நான் டாக்டரிடம் போகவில்லை. கடையில் மூட்டை நிறுக்கும் பெரிய தராசு இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறி நிற்பேன். எங்கள் சுமைக்காரர் எண்ணைப் படித்துச் சொல்வார். நான் சாக்பீஸால் கிடங்குக் கதவில் எழுதுவேன். தொண்ணூற்றாறு, தொண்ணூற்று மூன்று, எண்பத்தெட்டு. பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரி வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். "என்ன பாய், ரெண்டாங் கல்யாணமா?" என்ற கிண்டல் வேறு. பத்து மாதத்தில் எழுபத்து நாலு! உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்கு நல்லதும் நடந்தது. சர்க்கரை கட்டுக்குள் வந்தது, முழங்கால் வலி குறைந்தது, ஹேவ்லாக் கப்பல் நின்றே போனது. நான் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

அந்தச் சுமைக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வங்காளி. சௌல்தாரியில் கொஞ்சம் நிலம் வைத்துக் காய்கறி போடுகிறார், நாலு பாக்கு மரமும் உண்டு. தினமும் முதல் பஸ்ஸைப் பிடித்துக் கடைக்கு வந்துவிடுவார். இருபத்திரண்டு வருடப் பழக்கம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் 'தாதா' என்று கூப்பிடுவேன். அவர்கள் பாஷையில் அண்ணன். மெயின்லேண்டிலிருந்து வரும் என் சொந்தக்காரர்கள் கடையில் ஒரு தாதா இருப்பதாகக் கேள்விப்பட்டுப் பயந்துபோய்ப் பார்த்தால், குச்சி மாதிரி ஒரு மனிதர் சிரித்துக்கொண்டு நிற்பார். அந்தக் குச்சி ஐம்பது கிலோ மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு படியேறும்.

"தாதா, இனிமே நானும் உங்க கட்சி" என்று ஒருநாள் பெருமையாகச் சட்டையைத் தூக்கிக் காட்டினேன். அவர் என் வயிற்றைப் பார்க்கவில்லை. மேல்கையைப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினார். "பாய், கை ஏக்தம் சாஃப்ட் ஆயிட்சே. மச்லி சாப்பிடறது பந்தா?" என்றார். மீன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டீர்களா என்கிறார். நான் சிரித்து மழுப்பிவிட்டேன்.

சிரிக்க முடியாத சங்கதிகளும் நடந்துகொண்டுதான் இருந்தன. கடை ஷட்டரை இழுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஊறுகாய் பாட்டில் மூடியை மனைவி என் கையிலிருந்து வாங்கித் திறந்தாள். பள்ளிவாசலில் நெற்றியைத் தரையில் வைக்கும் ஸஜ்தாவிலிருந்து எழும்போது தரையில் கையை ஊன்றினால்தான் உடம்பு மேலே வந்தது. ஒருநாள் சிநேகிதர் ஒருவர் பேசாமல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து எனக்குப் பக்கத்தில் போட்டார். எழுபத்தைந்து வயதுக்காரர்கள் உட்காரும் வரிசையில் நான்! மழைக் குளிருக்கு மூட்டு பிடித்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். இந்தத் தீவில் நாங்கள் கப்பலை நம்பிப் பிழைக்கிறவர்கள். கடல் கொந்தளித்தால் சரக்குக் கப்பல் வராது. கப்பல் வராவிட்டால் வெங்காயம், சர்க்கரை என்று ஒவ்வொன்றாகப் பஜாரிலிருந்து காணாமல் போகும். அதனால் சரக்கு வந்து சேரும் நாள் எங்களுக்கு ஒரு சின்னப் பெருநாள் மாதிரி. லாரி வாசலில் நின்றதும் முதல் மூட்டையைக் கடைக்காரன்தான் இறக்க வேண்டும் என்பது அத்தா ஆரம்பித்து வைத்த வழக்கம். ஒரு பக்கம் முதலாளி, மறுபக்கம் சுமைக்காரர். பிஸ்மில்லாஹ் சொல்லி சாக்கு மூலைகளில் ஆளுக்கு இரண்டு காதைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் வைத்தால்தான் மற்ற மூட்டைகள் இறங்கும். அத்தாவும் செய்தார், நானும் தொண்ணூற்றெட்டு கிலோவில் மூச்சிரைக்க இரைக்கச் செய்தேன்.

அந்த முறை கப்பல் பன்னிரண்டு நாள் தாமதம். வாசலில் பையும் கையுமாக ஜனங்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. டிரைவர் லாரியின் விளிம்புக்குத் தள்ளிய முதல் மூட்டை, பாருங்கள், சர்க்கரை. ஐம்பது கிலோ. சர்க்கரை வியாதிக்காரனுக்கென்றே வந்த மாதிரி. தாதா என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில், "பாய், ஆஜ் ரஹ்னே தோ. நானும் டிரைவரும் எடுத்துடறோம்" என்றார். இன்று விட்டுவிடுங்கள் என்று கௌரவமாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அத்தனை பேர் என் புது உடம்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதா?

"ஏன், என்னால முடியாதா?" என்று சத்தமாகவே கேட்டேன். அவர் மறுபக்கம் போய்ப் பிடித்தார்.

மூட்டை விளிம்பைத் தாண்டி எங்கள் கைக்கு வந்தது. ஒரு அடி வைத்தேன். இரண்டாவது அடியில் தொடை நடுங்கியது. ஈரச் சாக்கு விரல்களுக்குள் வழுக்குவது தெரிகிறது, இறுக்கிப் பிடி என்று மூளை சொல்கிறது, விரல்கள் கேட்கவில்லை. அவை தானாக விரிந்தன. என் பக்கம் சரிந்தது, மூட்டை திரும்பியது, முழு கனமும் தாதாவின் வலது பாதத்தில் விழுந்தது. காலில் ரப்பர் செருப்பு. அந்தச் சத்தத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

அவர் கத்தவில்லை. அப்படியே ஈரத்தில் உட்கார்ந்தார். முகம் வெளுத்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி, "பாய், உங்க கால் டீக் ஹை?"

என் காலுக்கு என்ன கேடு? நடுப் பஜாரில், ஐம்பது வயதில், நான் தேம்பி அழுதேன். வெட்கமே இல்லை.

பாதத்தில் இரண்டு எலும்பு முறிவு. முழங்காலுக்குக் கீழே கட்டு, ஆறு வாரத்துக்கு அந்தக் காலை ஊன்றவே கூடாது என்றார்கள். முதுகிலும் காலிலும் பிழைக்கும் மனிதர். சௌல்தாரியில் நாற்று நடும் நேரம் வேறு. பழையபடி மூட்டை தூக்க முடியுமா என்று கேட்டதற்கு, எலும்பு டாக்டர் "பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னார். அந்த 'பார்க்கலாம்' என் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துகொண்டது. அவர் வீட்டுக்கு வேண்டியதை நான் பார்த்துக்கொண்டேன். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

மறுநாள் டாக்டரம்மாவிடம் ஓடினேன். ஊசியால் வந்த வினை, நிறுத்திவிடுங்கள் என்று குதித்தேன். அவர் என்னைக் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னார். மூன்றாவது முறை என்னால் எழ முடியவில்லை. "நான் குடுத்த தாள் எங்க?" என்று கேட்டார். ஏலக்காய் மடித்த கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஊசி அது வேலையைச் செஞ்சிருச்சு. உங்க வேலையை யாரு செய்யறது?" என்றார். ரத்தப் பரிசோதனை எடுத்துச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று பார்த்தார். மருந்தின் அளவை ஏற்றாமல் அப்படியே வைத்தார். போன சதையைத் திரும்பக் கொண்டுவர முடியும், ஆனால் நானாக உழைத்தால்தான் வரும் என்றார்.

கடைக்குத் திரும்பி அந்தக் கிடங்குக் கதவைப் பார்த்தேன். பத்து மாதக் கணக்கு, என் கையெழுத்தில். இருபத்து நாலு கிலோ போயிருக்கிறது. கடையில் சரக்கு குறைந்தால் எது குறைந்தது என்று பார்க்காமல் ஒருநாளாவது ஷட்டரை இறக்கியிருக்கிறேனா? என் உடம்பு விஷயத்தில் மட்டும் மொத்த எடையைப் பார்த்துவிட்டு மாலை போட்டுக்கொண்டேன். வியாபாரி என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருந்தது.

ஞானம் வந்ததும் மறுநாளே பயில்வான் ஆகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். முட்டை ஒன்றுக்கு மேல் இறங்கவில்லை. உட்கார்ந்து எழும் பயிற்சியை நாலு நாள் செய்தேன், மூன்று நாள் விட்டேன். என்னை உண்மையில் உலுக்கியது, ஆறு வாரம் கழித்துத் தாதாவின் கட்டைப் பிரித்த அன்று பார்த்த காட்சி.

நான்தான் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கட்டுக்குள்ளிருந்து வெளியே வந்த கால் அவருடையது மாதிரியே இல்லை. இடது கெண்டைக்கால் முறுக்கேறி அப்படியே இருக்கிறது. வலது கால் சூம்பி, தோல் தளர்ந்து, யாரோ சீக்காளியின் கால் போல இருந்தது. ஆறே வாரம் வேலை கொடுக்காததால் வந்த நிலை. எனக்கு உடம்பு முழுக்க இதுதான் நடந்திருக்கிறது, பேண்ட் சட்டைக்குள் தெரியாமல். தாதா அந்தக் காலைத் தடவிக்கொண்டே, "பாய், யே வாபஸ் ஆயேகா?" என்று கேட்டார். திரும்பி வருமா என்கிறார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

"வரும் தாதா. நானும் உங்ககூடச் செய்யறேன். சேர்ந்தே வரவைப்போம்" என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேனோ தெரியாது.

மறுநாளிலிருந்து காலை எட்டு மணிக்கு, கடை திறக்கும் முன், அவர் ஊர்க்காரர் ஒருவருடைய ஆட்டோவில் வந்து இறங்குவார். கிடங்கில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே எதிரும் புதிருமாக இரண்டு மர ஸ்டூல். பிசியோதெரபியில் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் அவர் செய்வார், டாக்டரம்மா சொன்னதை நான் செய்வேன். பாதிக்கு மேல் இரண்டும் ஒன்றுதான். ஸ்டூலில் உட்கார்ந்து எழுவது, அடுக்கைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது. எனக்கு டம்பெல் என்று தனியாக ஒன்றும் இல்லை. முதலில் கைக்கு ஒரு கிலோ துவரம் பருப்புப் பாக்கெட், பிறகு இரண்டு, பிறகு ஐந்து கிலோ ஆட்டா. எண்ணுவது தாதா. வங்காளியில் எண்ணுவார். ஏழு வந்ததும் சாவகாசமாக இன்னொரு ஏழு சொல்வார். நான் முறைத்தால், "பாய், நம்ம பக்கம் ஏழு ரெண்டு வரும்" என்பார்.

சாப்பாட்டை என் மனைவி கையில் எடுத்துக்கொண்டாள். பயிற்சி முடியும் நேரத்துக்கு இரண்டு டிபன் பாக்ஸ் வந்துவிடும், எனக்கொன்று, தாதாவுக்கொன்று. மீன் வாடை குமட்டுகிறது என்று நான் சொன்னதால், சூரை மீனை ஆணம் வைக்காமல் சுக்காவாக வறுத்து ஆறவைத்து, எலுமிச்சை பிழிந்து கொடுத்தாள். அது இறங்கியது. கூட முட்டை, சில நாள் சுண்டல். "மொதல்ல மீனு, அப்புறம்தான் சோறு. வயித்துல எடம் இல்லைன்னா சோத்தை மிச்சம் வைங்க, மீனை மிச்சம் வைக்கக் கூடாது" என்பது அவள் போட்ட சட்டம். பசி குறைந்தவன் வயிற்றில் எதற்கு முதலிடம் என்பதுதான் முக்கியம் என்று டாக்டரம்மா சொன்னதை, அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள்.

கிடங்குக் கதவில் கிலோ வரிசைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வரிசை தொடங்கினேன். கையை ஊன்றாமல் எத்தனை முறை எழுந்தேன் என்று. இரண்டு, நான்கு, ஐந்து, ஒன்பது. நடுவில் ஒரு மாதம் எடை இறங்கவே இல்லை, ஒரு கிலோ ஏறக்கூடச் செய்தது. பழைய ஆளாக இருந்தால் இடிந்து போயிருப்பேன். டாக்டரம்மாவுக்குப் போன் செய்தபோது, "நல்லதுதான், பயப்படாதீங்க, கதவுல ரெண்டாவது வரிசையைப் பாருங்க" என்றார். அந்தக் கதவுக் கதை அவர் வரைக்கும் போயிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஸஜ்தாவிலிருந்து எழுந்து நேராக நின்றபோதுதான் கவனித்தேன், என் கை தரையைத் தொடவே இல்லை. தொழுகையில் கவனம் சிதறக் கூடாது, சிதறிவிட்டது. இறைவன் மன்னித்திருப்பான். முடிந்ததும் சிநேகிதர் பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே எடுத்துக்கொண்டுபோய் ஓரத்தில் வைத்தார்.

தாதாவின் காலும் வந்தது. முதலில் கம்போடு நடந்தார், பிறகு கம்பில்லாமல். நவம்பரில் சௌல்தாரியிலிருந்து அவர் தோட்டத்துக் கத்தரிக்காயை அவரே சுமந்து கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் மூட்டை மட்டும் தொடவில்லை. டாக்டர்கள் இன்னும் அனுமதி கொடுக்கவில்லை. அந்த ஆறு மாதத்தில் வந்த சரக்கையெல்லாம் வெளியாட்களை வைத்துத்தான் இறக்கினோம், முதல் மூட்டை வழக்கம் இல்லாமலேயே. எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு என்னவோ செய்யும்.

டிசம்பரில் அனுமதி கிடைத்தது, சின்ன பளுவில் ஆரம்பிக்கலாம் என்று. அந்த வாரமே கப்பல் வந்தது. லாரி வாசலில் நின்றதும் பஜாரே எங்கள் பக்கம் திரும்பியது. எல்லோருக்கும் ஜூன் மாதம் ஞாபகம் இருந்தது. நான் தாதாவிடம் போய், "ஆஜ் ரஹ்னே தோ தாதா" என்றேன். உண்மையில் எனக்குத்தான் பயம்.

அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, என்னைப் போலவே சத்தமாக, தமிழில் கேட்டார்: "ஏன், என்னால முடியாதா?"

பஜாரே சிரித்தது. நான் சர்க்கரையை ஒதுக்கச் சொல்லிவிட்டு, இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை ஒன்றை விளிம்புக்குத் தள்ளச் சொன்னேன். இரண்டு ஆம்பளைகளுக்கு இருபத்தைந்து கிலோவா என்று யாரோ கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும். தாதா காலில் கனமான ஷூ. அதைப் போடாமல் லாரிப் பக்கம் வரக் கூடாது என்பது இப்போது கடைச் சட்டம். பிஸ்மில்லாஹ் சொல்லிப் பிடித்தோம். ஏக், துய், தீன். ஒரு அடி, இரண்டு அடி. என் விரல்கள் சாக்கைக் கவ்விக்கொண்டு நின்றன, தொடை நடுங்கவில்லை. உள்ளே கொண்டுபோய் பலகையில் மெதுவாக இறக்கினோம். இருவருக்குமே உடனே காதை விட மனம் வரவில்லை.

பிறகு அவர் மூட்டையைச் சுற்றி வந்து, என் மேல்கையைப் பிடித்து அன்றைக்கு மாதிரியே ஒரு அமுக்கு அமுக்கினார். "ஆ கயா பாய்" என்றார். வந்துவிட்டது என்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவருக்கும்தான்.

இப்போதும் ஊசி போட்டுக்கொள்கிறேன், வெள்ளிக்கிழமை தராசில் ஏறுகிறேன், காலை எட்டு மணிக்கு இரண்டு ஸ்டூலும் நிறைந்திருக்கின்றன. என் கையில் எவ்வளவு பலம் இருக்கிறது என்பது என் சொந்த விஷயம் என்றுதான் ஐம்பது வயது வரை நினைத்திருந்தேன். மூட்டையின் மறுபக்கத்தை என்னை நம்பிப் பிடித்தவர் ஒருவர் இருந்தார் என்பதை, ஒவ்வொரு கப்பலுக்கும் கையைத் துடைத்துக்கொண்டு லாரிக்குப் பக்கத்தில் போய் நிற்கும்போது நினைத்துக்கொள்கிறேன்.